‘பிளீஸ்’ என்ற சொல்லைத் தேடாதீர்கள்



நோர்வேக்குப் போக இருக்கும் சிலர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தீர்கள். கலியாணம் முடித்துப் போகும் பிள்ளைகளும் இருக்கிறீர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் என் வயதுக்காரரும் இருக்கிறீர்கள். எல்லோர் கையிலும் ஒரே மாதிரியான பட்டியல். இடப்பக்கம் அன்றாட ஆங்கில வசனங்கள், வலப்பக்கம் அவற்றுக்கு நொர்ஸ்க். “சேர், இதைப் பாடமாக்கினால் போதுமோ?” என்று கேட்கிறீர்கள்.

35 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் சொல்கிறேன்: போதாது. மகள் வீட்டில் இரண்டு குளிர்காலம் இருந்து நொர்ஸ்க் படித்த பிறகு எனக்கு வந்த முடிவு, அந்தப் பட்டியலின் இடப்பக்கத்தை மடித்து வைத்துவிட வேண்டும் என்பதுதான். சொல்லை மொழிபெயர்க்க வேண்டாம். அந்தச் சந்தர்ப்பத்தில் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள்.

முதலில் ‘பிளீஸ்’. நொர்ஸ்கில் அதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. பட்டியலில் ‘வார் சோ ஸ்னில்’ என்று இருக்கும். அதன் பொருள் ‘இரக்கம் வையுங்கள்’ என்பதுபோல. கோப்பிக் கடையில் ஒவ்வொரு முறையும் அதைச் சொன்னால் கெஞ்சுவதுபோல இருக்கும். அவர்கள் ‘கன் யை ஃபோ என் கஃபே’ என்பார்கள், ‘எனக்கு ஒரு கோப்பி கிடைக்குமா’ என்று. வாங்கியதும் ‘தக்’. மரியாதை அவ்வளவுதான். நாங்கள் மட்டும் வீட்டில் ‘தயவு செய்து தண்ணீர் தாருங்கள்’ என்றா கேட்கிறோம்? ‘கொஞ்சம் தண்ணி தாங்கோ’ என்கிறோம். அந்த ‘ங்கோ’வுக்குள் மரியாதை இருக்கிறது. ஆகவே ‘பிளீஸ்’ சொல்லவில்லை என்பதற்காக அவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள்.

நன்றி சொல்வது இதற்கு நேர்மாறு. நாங்கள் வீட்டுக்குள் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாக இருக்கும். அங்கே சாப்பிட்டு எழும்பும்போது ‘தக் ஃபொர் மாத்தன்’, ‘சாப்பாட்டுக்கு நன்றி’, என்று பெற்ற தாய்க்கும் சொல்வார்கள். சமைத்தவர் ‘வெல்பெகொம்மெ’ என்பார். போன கிழமை ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தால், அடுத்த முறை காணும்போது ‘தக் ஃபொர் சிஸ்த்’, ‘போனமுறைக்கு நன்றி’. ஆங்கிலத்தில் இதற்கு வழக்கமான வசனமே இல்லை. அதனால் ஆங்கிலத்திலிருந்து தொடங்கும் பட்டியலில் இது பெரும்பாலும் வராது. ஆனால் சம்பந்தி வீட்டு மேசையில் முதலில் கவனிப்பது இதைத்தான்.

பிறந்தநாளுக்கு ‘ஹப்பி’ என்பதன் மொழிபெயர்ப்பைத் தேடாதீர்கள். ‘கிராத்துலேரர் மே தாகன்’, அதாவது ‘இந்த நாளுக்கு வாழ்த்து’. மே 17, அவர்களுடைய அரசியலமைப்பு நாளிலும் (1814இல் உருவானது) ஒருவருக்கொருவர் இதையே சொல்வார்கள்.

இனிக் கொஞ்சம் ஆபத்தான இடம். ‘ஹல் நீ’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அரை ஒன்பது’. ஆங்கிலமும் எங்கள் ‘ஒன்பதரை’யும் சேர்ந்து உங்களை ஏமாற்றும். அது எட்டரை. ஒன்பதுக்குப் போகும் வழியில் பாதி என்பது அவர்கள் கணக்கு. வைத்தியரிடம் போனால் ஒரு மணித்தியாலம் பிந்திவிடுவீர்கள்.

அதே வைத்தியர் ‘நோகவில்லையா?’ என்று கேட்கலாம். நோவு இல்லாவிட்டால் நாங்கள் ‘ஓம், நோகேல்லை’ என்போம். அங்கே ‘நை’ என்றுதான் சொல்ல வேண்டும். நோகிறது என்றால் ‘யா’ அல்ல, ‘யூ’. எதிர்மறைக் கேள்வியை மறுத்துச் சொல்ல அவர்கள் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கில ‘யெஸ்’ஸைப் பிடித்துக்கொண்டு போனால் இது கைக்கு வராது.

“அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், பிறகேன் இந்தப் பாடு?” என்று ஒரு மருமகன் கேட்டிருந்தார். உண்மைதான், கடையிலும் கந்தோரிலும் ஆங்கிலம் போதும். நான்கு வயதுப் பேத்தியிடம் போதாது. அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள், அது கட்டாயம். ஆனால் அவள் தமிழ் பேசும்வரை அம்மம்மா வாய் மூடி இருக்கலாமா?

அந்த அம்மம்மா கைத்தொலைபேசியில் ஆங்கில ‘ஐ லவ் யூ’வைப் போட்டால் ‘யை எல்ஸ்கர் தை’ என்று வரும். அது பெரும்பாலும் காதலர் பேச்சு, கனமான சொல். பிள்ளைகளிடமும் தாய் தகப்பனிடமும் அவர்கள் வழக்கமாகச் சொல்வது ‘யை ஆர் க்ளா இ தை’. உன்னில் எனக்குச் சந்தோசம் என்பதுபோல ஒரு வசனம். ‘உன்னில எனக்கு எவ்வளவு விருப்பம்’ என்று நாங்கள் பேரப்பிள்ளையை மடியில் வைத்துச் சொல்வதற்கு இதுதான் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கலக்கிவிட்டது. தமிழிலிருந்து நேரே போனால் வழி சுருக்கம்.

ஆகவே போகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு கொப்பி எடுங்கள். இடப்பக்கம் ஆங்கிலத்துக்குப் பதிலாகச் சந்தர்ப்பத்தைத் தமிழில் எழுதுங்கள்: ‘சாப்பிட்டு எழும்பும்போது’, ‘பிள்ளை நித்திரைக்குப் போகும்போது’, ‘சுகமில்லாதவரைப் பார்த்துவிட்டு வெளிக்கிடும்போது’. கடைசியானதற்கு விடை ‘கூ பேத்ரிங்’. மிச்சத்தை அங்கே உள்ளவர்களிடம் கேட்டு நிரப்புங்கள்.

ஒஸ்லோ, பேர்கன், வடக்கே ஃபின்மார்க் வரை இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் தினமும் புழங்கும் ஒரு வசனத்தையும் அதைச் சொல்லும் நேரத்தையும் கீழே எழுதுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் சேர்