ஏழு பெரிதா, ஐந்து பெரிதா?

பழைய மடிக்கணனி வாங்கப் புறப்படும் எம்மவர் எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கடைக்காரர் இரண்டு கணனிகளை எடுத்து வைக்கிறார். ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு, ஒரே அளவான திரை, ஒரே அளவான நினைவகம். ஒன்றின் மீது ஐ7 என்று ஒட்டியிருக்கிறது, மற்றதன் மீது ஐ5. ஐ7 உள்ளதற்கு ஐம்பது, அறுபது டொலர் கூடுதலாகக் கேட்கிறார். ஐந்தை விட ஏழு பெரிது என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. "பிள்ளையின் படிப்புக்குத்தானே, நல்லதாகவே வாங்குவோம்" என்று இரவு வேலை செய்து சேர்த்த காசில் அந்த அறுபது டொலரையும் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தக் காசு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

ஆராய்வதற்கு இன்ரெல் நிறுவனத்தின் இரண்டு புரொசெசர்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று கோர் ஐ7-7500யூ. இது 2016 ஓகஸ்டில் வெளிவந்தது. மற்றது கோர் ஐ5-8250யூ. இது ஓராண்டு கழித்து, 2017 ஓகஸ்டில் வந்தது. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பாவித்துக் கழித்துவிட்ட மடிக்கணனிகளில் இவ்விரண்டும் தாராளமாகக் காணப்படுகின்றன.

முதலில் பெயரை வாசிக்கப் பழகவேண்டும். 'ஐ' என்பதை அடுத்து வரும் 3, 5, 7 என்ற எண் ஒரே தலைமுறைக்குள் உள்ள தரவரிசையை மட்டுமே சொல்கிறது. தலைமுறையைச் சொல்வது சிறுகோட்டுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கங்களில் முதலாவது. ஆகவே 7500 ஏழாம் தலைமுறை, 8250 எட்டாம் தலைமுறை. இறுதியிலுள்ள 'யூ' மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் மெல்லிய மடிக்கணனிகளுக்கானது என்பதைக் குறிக்கிறது. அண்ணனின் மூத்த மகனையும் தம்பியின் இளைய மகனையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பது போன்றதே இந்த ஐ7, ஐ5 ஒப்பீடு. வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டு வரிசை பொருந்தாது.

இனி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்போம். ஐ7-7500யூவில் இரண்டு கோர்கள், அதாவது வேலை செய்யும் மூளைகள் இரண்டு. ஐ5-8250யூவில் நான்கு. ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு பணிகளை மாறிமாறிக் கவனிக்கவல்லது. ஆதலால் முன்னையது நான்கு பணி இழைகளையும் பின்னையது எட்டு இழைகளையும் தாங்கும். கைக்கெட்டும் தூரத்தில் தகவலை வைத்திருக்கும் 'காஷ்' நினைவகம் முன்னையதில் 4 மெகாபைட், பின்னையதில் 6 மெகாபைட். பட இயக்கத்துக்கான பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. விளையாட்டுக்காக வாங்குபவருக்கு இரண்டும் பெரிதாக உதவா.

கடைக்காரர் அடுத்து எடுக்கும் ஆயுதம் கிகாஹேர்ட்ஸ். "இது 2.7, அது 1.6 தான்" என்பார். அவர் சொல்வது பொய்யன்று. கணனியின் விபரப் பக்கத்திலும் அவ்வாறுதான் எழுதியிருக்கும். ஆனால் அது எல்லாக் கோர்களும் ஒருமித்து உழைக்கும்போது கைவிடாமல் பேணக்கூடிய அடிப்படை வேகம். தேவை வரும்போது ஒரு கோர் எட்டிப் பிடிக்கும் உச்ச வேகம் ஐ7இல் 3.5, ஐ5இல் 3.4. இவ்வளவுதான் வித்தியாசம். கடிதம் எழுதும்போதோ ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கும்போதோ இந்தச் சிறு இடைவெளியை மனிதக் கண் காணாது.

எம்மவரில் உணவகச் சமையலறையில் நின்றவர்கள் அநேகர் என்பதால் அதையே உதாரணமாகச் சொல்லலாம். ஒரு தோசைக்கு ஒரு சமையற்காரர் போதும். நால்வர் நின்றாலும் அந்த ஒரு தோசை முன்னதாக வேகாது. வெள்ளி இரவு நாற்பது பேர் ஒன்றாக வந்து அமர்ந்தால்தான் இருவருக்கும் நால்வருக்குமுள்ள பேதம் தெரியும். பிள்ளை காணொளி வகுப்பில் இருக்கிறது, பின்னால் இருபது இணையப் பக்கங்கள் திறந்து கிடக்கின்றன, வைரஸ் தடுப்பு தன் பாட்டில் தேடுகிறது, விண்டோஸ் எதையோ இறக்கிக்கொண்டிருக்கிறது: இதுவே கணனியின் வெள்ளி இரவு. எட்டாம் தலைமுறை முந்தியதை விட நாற்பது சதவீதம் வரை கூடுதலாக இயங்கும் என இன்ரெல் அன்று விளம்பரம் செய்தது. எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலைகளில் இதை நாம் நம்பலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒதுக்கப்பட்ட வெப்ப அளவு 15 வாட் தான். நால்வரும் நெடுநேரம் ஓயாமல் உழைத்தால் சமையலறை சூடேறி வேகம் தானே குறையும். தூசி அடைத்த விசிறியுடன் வரும் பழைய கணனியில் இது விரைவாக நிகழும். வாங்கியதும் விசிறியைச் சுத்தம் செய்விப்பது ஐ7இன் ஒட்டுக்குக் கொடுக்கும் காசைவிடப் பயனுள்ள செலவு.

பல்லாண்டுகளாக 15 வாட் ரகத்தில் இரண்டு கோர்களோடு நின்ற இன்ரெல், அதே விலைப்படியில் 2017இல் நான்கைக் கொடுத்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஏஎம்டி நிறுவனம் ரைசன் வரிசையைச் சந்தைக்கு விட்டிருந்தது. எதிரே ஒரு கடை திறந்தால் அளவை நிறைவது ஊரிலும் நாம் கண்டதே.

வேகத்தை விடப் பெரிய விடயம் இனித்தான் வருகிறது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. விண்ணப்பித்த வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் வரை மட்டும் நீடிப்புத் தந்தது. விண்டோஸ் 11இன் அங்கீகாரப் பட்டியலில் ஐ5-8250யூ உண்டு, ஐ7-7500யூ இல்லை. வல்லவர்கள் சுற்றுவழியில் அதை ஏற்றிக் கொடுப்பார்கள். அப்படி ஏற்றிய கணனிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசொப்ட் தரவில்லை. "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால் எந்த வழியில் என்று கேளுங்கள்.

இது எமக்கு ஏன் முக்கியம்? கனடாவில் குடிவரவு, அகதிகள் சபையின் விசாரணைகள் பல இன்று காணொளி மூலமே நடைபெறுகின்றன. தஞ்சக் கோரிக்கை விண்ணப்பமும் இணையவழியில் செல்கிறது. ஊரில் நடந்தவற்றை விபரிக்கும் வாக்குமூலம், அடையாள அட்டைப் பிரதிகள், சட்டத்தரணியுடன் பரிமாறிய கடிதங்கள் யாவும் அந்தக் கணனியிலேயே கிடக்கின்றன. மற்றவருக்குக் கணனி பழுதானால் ஒரு நாள் தொல்லை. எமக்கு அந்தத் தாள்கள் வேறொருவர் கையில் போவது வேறு விதமான ஆபத்து. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கணனியில் அவற்றை வைத்திருக்கவேண்டாம்.

ஆகையால் எமது தீர்ப்பு இது: விலை ஒன்றாயின் ஐ5-8250யூ. அது சற்றுக் கூடுதலாயினும் அதுவே. புதிதாக வந்தபோது இன்ரெலின் பட்டியலில் ஐ7-7500யூவின் விலை 393 அமெரிக்க டொலர், ஐ5-8250யூவின் விலை 297. அந்தப் பழைய மதிப்பே இன்றும் ஒட்டில் தொங்குகிறது. ஐ7 கணனி மிக மலிவாகக் கிடைத்து, லினக்ஸ் ஏற்றிப் பாவிக்கும் பிள்ளையும் வீட்டில் இருந்தால் வாங்கலாம். லினக்ஸில் திருத்தங்கள் தொடர்ந்து வரும். ஏற்கனவே வைத்திருப்போரும் அவசரப்பட்டு எறியாமல் அதையே செய்யலாம்.

பொதுவிதியாக இதைப் பிடித்துக்கொண்டு ஏமாறவும் வேண்டாம். ஐ3-8130யூ எட்டாம் தலைமுறைதான், ஆனால் இரண்டு கோர்களே. மறுபுறம், ஏழாம் தலைமுறையின் ஐ7-7700எச்கியூவில் நான்கு உண்டு. 45 வாட் எடுக்கும் கனத்த கணனிகளில் அது வரும், ஆனால் அங்கீகாரப் பட்டியலில் அதுவும் இல்லை. கணனியின் மாதிரிப் பெயரையும் நம்ப முடியாது. லெனோவோவின் திங்க்பேட் டி480 இரு தலைமுறைப் புரொசெசர்களுடனும் விற்கப்பட்டது.

ஒட்டைப் பார்க்காமல் கணனியையே கேட்பதுதான் வழி. கடையிலேயே அதை இயக்கச் சொல்லுங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபோமன்ஸ்' என்ற பக்கத்துக்குச் சென்று 'சிபியூ' என்பதைத் தொடுங்கள். மேலே புரொசெசரின் முழுப் பெயரும், கீழே 'கோர்ஸ்' என்ற சொல்லுக்கு நேரே எண்ணும் இருக்கும். அங்கே நான்கு என்று கண்ட பின் பணப்பையைத் திறக்கலாம். இயக்கிக் காட்ட மறுக்கும் கடையில் ஐ9 இருந்தாலும் வாங்கவேண்டாம்.