பத்து வெள்ளிக் கண்ணாடி மீது ஏன் இந்தப் பழி?



"இரவுச் சந்தைக் கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிடும்" என்று பட்டர்வொர்த்தில் பலரும் கூறக் கேட்கிறேன். இஃது உண்மையன்று. இதை நம்பிக் கண்ணாடியே வாங்காமல், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கும் பெற்றோரை நான் அறிவேன்.

40 வயதைக் கடந்ததும் கண்ணின் வில்லை இறுகும். கிட்டத்து எழுத்து மங்கும். இதுவே வெள்ளெழுத்து. இதற்கு ஆயத்தக் கண்ணாடி அணிவதால் கண் கெடாது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடத்தப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வில், விலை குறைந்த கண்ணாடி பெற்றோரின் கொழுந்து பறிக்கும் திறன், பெறாதோரைவிட 20 விழுக்காட்டிற்கும் மேல் கூடியது. தோட்டத்து வழிவந்த நாம் இதனை எள்ளலாமா?

ஆயினும் ஒன்று. இக்கண்ணாடியில் இரு பக்கமும் ஒரே திறன்தான். இரு கண்ணும் ஒத்திராதவருக்கும் சிதறல் பார்வை உடையவருக்கும் அது பொருந்தாது. அதனினும் பெருங்கேடு, எழுத்து தெரிந்துவிட்டதென்று கண் பரிசோதனையையே கைவிடுவது! நீரிழிவும் குளுக்கோமாவும் வலியின்றியே பார்வையைப் பறிக்கும். எந்தக் கண்ணாடியும் அதனை எச்சரிக்காது.

முதலில் பரிசோதனை, பிறகே கண்ணாடி. இரு கண்ணும் ஒத்திருந்தால் பத்து வெள்ளிக் கண்ணாடியே போதும். அதனை அணிய எவரும் நாண வேண்டா.