செக்கைக் கும்பிடுகிறார்கள், கோரல் மில்லை மறைக்கிறார்கள்!

வருஷந்தோறும் செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி. சிலைகளுக்கு மாலை விழுகிறது. மந்திரிகள் வருகிறார்கள். மில் முதலாளிகள் வருகிறார்கள். பட்டாசு ஆபீஸ் அதிபர்களும் வருகிறார்கள். சாதிச் சங்கத்தார் "எங்கள் ஆள்" என்று தனியாக ஒரு மாலை கொண்டு வருகிறார்கள். கப்பல் ஓட்டினார் என்கிறார்கள், செக்கிழுத்தார் என்கிறார்கள். ஓட்டினார், இழுத்தார், உண்மைதான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் இந்த மாலைக்காரர்கள் மூச்சு விடுவதில்லை. கப்பல் விட்டவனை வியாபாரத்தில் கெடுத்தால் போதுமே, செக்கில் ஏன் கட்டினான் வெள்ளைக்காரன்? விருதுநகர், ராஜபாளையம் ஆலைத் தோழர்கள் முன்பும், சிவகாசி, சாத்தூர் பட்டாசுத் தொழிலாளர் முன்பும் இந்தக் கேள்வியை வைக்கிறோம்.

சிதம்பரம் பிள்ளை 1872இல் ஓட்டப்பிடாரத்தில் ஒரு வக்கீலின் மகனாகப் பிறந்தவர். தாமும் பிளீடர் பரீட்சை தேறி, 1895இல் தொழில் தொடங்கினார். தகப்பனார் பணக்காரர் வழக்குகளை நடத்தினார் என்றால், மகன் போலீஸாரிடம் சிக்கிய ஏழைகளின் வழக்குகளை எடுத்தார். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் நமது ஜில்லாவின் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். கலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. கொழும்பு வழியை ஏகபோகமாக வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. உடனே வெள்ளைக் கம்பெனி, சும்மா ஏறுங்கள், ஒரு குடையும் தருகிறோம் என்றது! முதலாளித்துவப் போட்டியின் யோக்கியதை இதுதான்.

இவ்வளவும் நடந்தபோது சர்க்கார் அவரைச் சிறையில் போடவில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இடைஞ்சல் செய்தது, வேவு பார்த்தது, கைது செய்யவில்லை.

தூத்துக்குடியில் ஹார்வி துரைமாரின் கோரல் மில் இருந்தது. இருட்டோடு உள்ளே போன தொழிலாளி இருட்டிய பின்தான் வெளியே வருவான். சிறு பிள்ளைகளும் அங்கே வேலை செய்தார்கள். வார விடுமுறை கிடையாது. கூலியோ அரை வயிற்றுக்கும் காணாது. அந்தத் தொழிலாளரிடம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் போனார்கள். 1908 பிப்ரவரி 23இல் கூட்டத்தில் பேசினார் வ.உ.சி. 27ஆம் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும், மற்ற லீவுகளும் வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

144 தடை வந்தது, போலீஸ் பட்டாளம் வந்தது. ஆனால் தூத்துக்குடி நகரமே தொழிலாளி பக்கம் நின்றது. வீட்டுக்கு வீடு சோறு போட்டார்கள். வ.உ.சி. கைப்பணத்தைச் செலவழித்தார். வேலைநிறுத்தத்தைப் பழித்துப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போனாராம் நாவிதர். (அந்த நாவிதருக்குத்தான் நியாயமாகச் சிலை வைத்திருக்க வேண்டும்!) ஒன்பது நாளில் துரைமார் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

அந்த வெற்றி முடிந்து ஒரு வாரம் கழியவில்லை. மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் சிறையில் இருந்தார்கள்! கப்பல் ஓடிய காலமெல்லாம் பொறுத்த சர்க்காருக்கு, கோரல் மில் தொழிலாளி ஜெயித்த பிறகு ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. அந்த வாரம் பிபின் சந்திர பாலர் விடுதலைக்கு விழாக் கொண்டாடியதுதான் காரணம் என்பார்கள் சிலர். அது சாக்கு. பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் தீப்பொறி விழுந்துவிட்டது என்பதை ஹார்வியும் கலெக்டர் விஞ்ச்சும் புரிந்துகொண்டார்கள்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, நகரசபை ஆபீசும் தபாலாபீசும் எரிந்தன, போலீஸ் சுட்டதில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வெளியே வந்தார்கள். இந்தத் தடவை கூலி கேட்டு வரவில்லை, தலைவரை விடு என்று வந்தார்கள். ஜட்கா வண்டிக்காரரும் நாவிதரும் கசாப்புக் கடைக்காரரும் கூடச் சேர்ந்தனர். அதே வருஷம் ஜூலையில், திலகருக்குத் தண்டனை விதித்ததை எதிர்த்து பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியப் பாட்டாளி அரசியல் போராட்டத்துக்கு வந்துவிட்டான் என்பதற்கு லெனின் அதைச் சாட்சியாகக் காட்டினார். அதற்கு நான்கு மாதம் முன்பே நமது தென்பாண்டிச் சீமைத் தொழிலாளி அந்த வேலையைச் செய்து முடித்திருந்தான்! பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு எத்தனை வரி?

ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை இரண்டு ஆயுள் தீவாந்தரம், ஒவ்வொன்றும் 20 வருஷம். ஐகோர்ட் அதை 6 வருஷமாகக் குறைத்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கில் அவரைக் கட்டினார்கள்.

சுதேசிக் கம்பெனிப் பங்குதாரர்களான கனவான்கள் என்ன செய்தார்கள்? 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். கலியாவைப் போட்டிக்காரனான வெள்ளைக் கம்பெனிக்கே விற்றார்கள். உள்ளே செக்கு சுற்றிய மனிதருக்கு இந்தச் செய்திதான் போய்ச் சேர்ந்தது. தொழிலாளி அவருக்காக மில்லைவிட்டு வெளியே வந்தான். பங்குக்காரன் கப்பலை விற்றுவிட்டு வீட்டுக்குப் போனான். இரண்டு வர்க்கத்தின் குணமும் இதில் தெரிகிறது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் அரிசியும் எண்ணெயும் விற்றார். அந்த நிலையிலும் தொழிற்சங்க வேலையை விடவில்லை. பின்னால் வாலஸ் என்ற நீதிபதி தயவில் சன்னது திரும்பி, பக்கத்து ஊரான கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் வறுமையோடு மறைந்தார். அவர் நம்மைப் போல் சோஷலிசம் பேசியவர் அல்லர். சைவர், குறளுக்கு உரை எழுதியவர், பங்குக் கம்பெனி நடத்தியவர். அப்படிப்பட்டவர் மில் வாசலுக்குப் போனார் என்பதால்தான் அவரைப் பெரியவர் என்கிறோம்.

இனி நமது ஊருக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, அவர் பிறந்து 140 ஆண்டு நிறைந்த நாள். சிலைகளில் மாலை வாடுமுன் சிவகாசி முதலிப்பட்டியில் பட்டாசு ஆபீஸ் வெடித்துச் சுமார் 40 பேர் கருகினார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். அதற்குப் பிறகும் வருஷம் தவறவில்லை. லைசென்ஸ் ஒருவர் பேரில். அறையை உள்குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவர். பீஸ் ரேட்டுக்கு மருந்து அடைப்பவள், கரிசல்காட்டில் மழை பொய்த்ததால் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு வந்த விவசாயக் கூலிப் பெண். வெடித்த பின் யாரைப் பிடிப்பது? போர்மேனைப் பிடிக்கிறார்கள்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேற்றினார்கள். சங்கங்கள் ஒன்றாக எதிர்த்ததால் மே தினத்தன்று வாபஸ் வாங்கினார்கள். 2025 நவம்பர் 21இல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கியது. எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது அதில் ஒன்று.

பிப்ரவரி 23இல் பேச்சு, 27இல் வேலைநிறுத்தம். இடையில் நான்கே நாள். இந்தச் சட்டத்தின்படி கோரல் மில் தொழிலாளர் சட்டவிரோதிகள். தூண்டிய சிதம்பரம் பிள்ளை குற்றவாளி. அடுத்த செப்டம்பர் 5இல் மாலையோடு வருகிற மந்திரியை மேடையிலேயே நிறுத்தி, இது சரியா என்று தோழர்கள் கேட்க வேண்டும்.