பழைய விசைப்பலகையைக் குப்பைக்கு அனுப்புகிறவர்களுக்கு

"இன்னுமா இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று நம்மிடம் கேட்காத நண்பர் இல்லை. 'இது' என்பது ஐபிஎம் நிறுவனம் 1985இல் அறிமுகப்படுத்திய மாடல் எம் விசைப்பலகை. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, 101 விசைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுருள்வில். அழுத்தும்போது வில் ஓரிடத்தில் சட்டென மடங்கும். எழுத்து பதிந்துவிட்டதை விரலே அறிந்துகொள்ளும். கேட்கிறவர்கள் மசிப்பேனாவின் முள்ளைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சிலாகிக்கிறவர்கள் என்பதுதான் வேடிக்கை. அது ரசனையாம், இது பழம்பொருள் மோகமாம்.

மோகம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். 'புதிய கணினியோடு இது சேராது' என்று தீர்ப்பெழுதுவதைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

விசைப்பலகைக்கு எழுத்தறிவு கிடையாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதற்கான எண்ணை மட்டுமே அது அனுப்புகிறது. ஆங்கில 'ஏ' பொறித்த விசையை அழுத்தினால் மாடல் எம் அனுப்புவது 28. விரலை எடுத்தால் 240, தொடர்ந்து மீண்டும் 28. அந்த எண்ணை எந்த எழுத்தாகக் காட்டுவது என்பது கணினியின் பொறுப்பு. தமிழக அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 முறையில் அதே விசை 'அ' ஆகிறது. ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்ததே 1991இல்தான். அதற்கும் ஆறாண்டு மூத்த வடிவமைப்பு இன்று தடையின்றித் தமிழ் எழுதுகிறது.

பிறகு எங்கே தடை? செருகுமிடத்தில். 1987இல் வந்த பிஎஸ்/2 என்னும் வட்டத்துளை இன்றைய மடிக்கணினிகளில் இல்லை, இருப்பது யூஎஸ்பி. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறு இணைப்பிகள் பல, கம்பிகளை இடம் மாற்றுவதோடு சரி, மொழிபெயர்ப்பதில்லை. நாமும் ஒருமுறை அப்படியொன்றைச் செருகிப் பார்த்து, "பலகை செத்துவிட்டது" என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி, நல்ல பலகையொன்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. தேவைப்பட்டதெல்லாம் சிறு சில்லு பொருத்திய மாற்றி ஒன்று: 28ஐ வாங்கி, யூஎஸ்பி அறிந்த 4 ஆக்கித் தரும். 1981ஆம் ஆண்டின் முதல் ஐபிஎம் பிசியோடு வந்த 83 விசைப் பலகைக்கு மொழியே வேறு. அதே விசைக்கு அது 30 என்று சொல்லும். அதையும் புரிந்துகொள்ளும் மாற்றிகள் உண்டு. அவற்றுக்கான நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

குறைகள் இல்லையா? உண்டு. உள்ளிருக்கும் தகடுகளைப் பிணைக்கும் நெகிழித் தறைகள் வயதேறினால் உடைகின்றன. பிரித்துத் திருகாணி போட வேண்டும், ஒரு விடுமுறை நாள் போய்விடும். விண்டோஸ் விசை இல்லை. கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு அமர்த்திவிட்டோம். (அதற்கு வேறென்ன வேலை இருந்தது?)

கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிவைத்துப் படமெடுத்து மகிழும் சேகரிப்பாளர்களும் நம் கட்சி அல்லர். குப்பைக்கு அனுப்புகிறவரும் பேழைக்கு அனுப்புகிறவரும் சேர்ந்தே அதை எழுத்து வேலையிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பலகையில்தான் தட்டச்சானது, நள்ளிரவு தாண்டி. அடுத்த அறையில் உறங்குகிறவர்கள் அதன் ஓசையைப் பற்றி எழுப்பும் ஆட்சேபத்துக்கு மட்டும் நம்மிடம் மறுப்பில்லை.