பட்டா நம் பேரில், பழுது யார் பேரில்?

கார்த்திகை அடைமழை பிடித்துவிட்டால் தொகுப்பு வீட்டுக்காரர்களுக்கு ராத்தூக்கம் போய்விடும். ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துக்கொள்ளலாம். தலைக்குமேல் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வரிவரியாகத் தெரிகிற கூரைக்குக் கீழே பிள்ளையை எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்பதுதான் கவலை. காரைச் செடி மண்டிக் கிடந்த இடம் என்பதால் காரைக்குடி என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். நம் குடியிருப்புகளில் காரை என்றால் வேறு பொருள். அது ராத்திரியில் சோற்றுப் பானைமேல் விழுவது.

இந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும்? ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், பட்டா உங்கள் பேரில் இருக்கிறது, வீடு உங்களுடையது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதில் வரும். சரி, எங்கள் வீடுதான், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ள உதவுங்கள் என்றால், உங்களுக்குத்தான் அரசு ஏற்கெனவே வீடு கொடுத்துவிட்டதே என்பார்கள். செலவு என்று வந்தால் நாம் சொந்தக்காரர், உதவி என்று வந்தால் நாம் பயனாளி. இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் இருபத்தைந்து, முப்பது வருடமாகக் கூரை இறங்கிக்கொண்டிருக்கிறது.

விதிகளும் இதற்குத் தோதாகவே இருக்கின்றன. பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் கணக்கெடுப்பில் வீடில்லாதவர் என்றோ, மண்சுவரும் கூரையும் உள்ள வீட்டில் இருப்பவர் என்றோ பதிவானவர்களுக்கானது. கலைஞரின் கனவு இல்லம் குடிசையில் இருப்பவர்களுக்கானது. கான்கிரீட் கூரை என்று தாளில் ஏறிவிட்டால், அந்தக் கான்கிரீட் தரையில் கிடந்தாலும் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். குடிசையிலேயே இருந்திருந்தால் இன்றைக்குப் புது வீடு கிடைத்திருக்கும் என்று நம் பெண்கள் சொல்வதைக் கேலிப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விதிப்படி அது சரியான கணக்கு.

இந்த வீடுகள் வந்த வழியை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்துபோனார்கள். தீப்பிடிக்காத வீடு என்பது நமக்கு வசதியைப் பற்றிய பேச்சாக இருக்கவில்லை. உயிரைப் பற்றிய பேச்சாக இருந்தது. 1974-இல் தொடங்கிய தாட்கோ, தன் பேரிலேயே வீட்டு வசதியை வைத்துக்கொண்டு, ஆதிதிராவிடருக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டுவதையே முதல் வேலையாக எடுத்தது. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-86-இல் வந்தபோது அது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. 1993-94-இல்தான் மற்ற ஏழைகளுக்கும் விரிந்தது. ஆக, சலுகையாக யாரும் நமக்கு இந்த வீட்டைத் தரவில்லை. உயிர் கொடுத்து வாங்கிய உரிமை இது.

கட்டிய விதத்துக்கு வருவோம். நம் குடியிருப்பில் பாதிப்பேர் கொத்தனாராகவும் சித்தாளாகவும் போகிறவர்கள்தான், அவர்களுக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. கம்பிக்குக் கீழே போதிய கனத்துக்குக் கலவை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காற்றும் ஈரமும் கம்பியைத் தொட்டுவிடும். துரு ஏறிய கம்பி பருக்கும், பருத்த கம்பி தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். மேலே தட்டோடு பதிக்காமல் வெறும் தளமாக விட்டால் தண்ணீர் தேங்கி இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். கலவையில் சிமெண்டைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, ஈரம் வைத்து ஆற்றவும் செய்யாமல் ஒப்பந்தக்காரர் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பி தெரிகிற இடத்தில் சிமெண்டை அப்பி வெள்ளையடிப்பது பழுதுபார்ப்பு ஆகாது. துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும், தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்ட வேண்டும், அப்புறம்தான் பூச்சு. அப்பிவிட்டுப் போன காரை அடுத்த ஐப்பசிக்கு மறுபடி விழும். பணம் மட்டும் செலவுக் கணக்கில் ஏறியிருக்கும்.

இதே மண்ணில்தான் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஆத்தங்குடியிலும் நூறு வருடம் தாண்டிய வீடுகள் நிற்கின்றன. பர்மா தேக்கும் சுண்ணாம்புச் சாந்தும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சும் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. நல்லது, அந்த வீடுகள் நிற்கட்டும். ஆனால் அவையும் தானாக நிற்கவில்லை. பார்க்க ஆள் இல்லாத மாளிகைகளில் மரம் முளைத்துக் கிடப்பதையும் அதே தெருக்களில் காணலாம். ஓடு மாற்றி, தளம் இடித்து, வருடாவருடம் செலவு செய்த வீடு நிற்கிறது. பராமரிப்பு என்ற ஒன்று உண்டு என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். அரசு கட்டிய வீட்டுக்கு மட்டும் அது எப்படித் தெரியாமல் போனது? கட்டுவதற்குத் தொகை ஒதுக்கினார்கள், இருபது வருடம் கழித்து அதைத் தாங்குவதற்கு ஒரு ரூபாயும் எடுத்துவைக்கவில்லை.

வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொல்கிற வழக்கம் உண்டு. சொல்கிறவர்கள் இதே மாவட்டத்தின் கோட்டை வேங்கைப்பட்டியைப் பார்க்கட்டும். அங்கே கட்டிய பெரியார் நினைவு சமத்துவபுரம் ஆட்சி மாறியதில் ஆண்டுக்கணக்காகத் திறக்கப்படாமல் கிடந்தது. பழுதெல்லாம் நீக்கி 2022 ஜூன் 8-இல்தான் முதலமைச்சர் திறந்துவைத்தார். ஒரு குடும்பம்கூடக் குடியேறாத வீடுகளுக்கே பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. அதற்கும் நம் பிள்ளைகள் சுவரில் கிறுக்கியதுதான் காரணமா? சென்னையில் மட்டும் என்ன வாழ்கிறது? 2021 டிசம்பர் 27-இல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்புக் கட்டடம் சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

அரசு அசையவே இல்லை என்று சொன்னால் அது நியாயமல்ல. 2024-இல் ஊரகப் பகுதிகளில் 2.5 லட்சம் பழைய அரசு வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்ப்பதாக அறிவிப்பு வந்தது. சராசரி போட்டால் வீட்டுக்கு 80,000 ரூபாய். பழுதுபார்க்கவே முடியாத வீடுகளுக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் வந்தது. 25,000 வீடுகள், 600 கோடி ரூபாய், அதாவது வீட்டுக்கு 2.40 லட்சம். இரண்டுமே 2001-க்கு முன்னால் கட்டிய வீடுகளைக் கணக்கில் கொண்டவை. தமிழ்நாடு முழுமைக்கும் 25,000 என்பது எந்த மூலைக்கு என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, இருக்கிறதையாவது வாங்க வேண்டும். இடிக்க வேண்டிய வீட்டுக்குச் சிறு பழுது என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. பொறியாளர் வந்து பார்க்கிற அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும். வேலைக்குப் போயிருந்தால் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்தாவது வைக்க வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் பட்டாதான். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த ஒப்படைப் பட்டா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும், வட்டாட்சியர் அலுவலகக் கணக்கில் ஏறியிருக்காது. ஏறியிருந்தாலும் செத்துப்போன அப்பத்தா பேரில் இருக்கும். திட்டம் வந்தபிறகு வாரிசுச் சான்றுக்கு அலைந்தால் பட்டியல் மூடிவிடும். மழை விடுகிற இந்த நாட்களிலேயே அதைத் தொடங்குவது நல்லது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, குடியிருந்த வாடகை வீட்டுச் சுவரில் பூத்த பூஞ்சையால் மூச்சு முட்டி இறந்தது. வீட்டுவசதிச் சங்கத்தின் வீடு அது. அவாப் என்ற அந்தக் குழந்தையின் பேரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான பழுது என்றால் 24 மணி நேரத்துக்குள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஈரமோ பூஞ்சையோ என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும். பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்பீர்கள். நாள் குறிப்பதற்குப் பணம் வேண்டுமா? நம் ஒன்றியத்தில் மனுக் கொடுத்தால் எத்தனை நாளில் பொறியாளர் வருவார் என்று எழுதிய விதி ஒன்றைக் கேட்பதில் என்ன தவறு?

2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். பெயர்ப்பலகை மாறுகிற அதே தெருவில் கூரையும் மாற வேண்டும்.

கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் குடியிருப்பில் வீடுவீடாகப் போங்கள். பல வீடுகளின் முன்சுவரில் திட்டத்தின் பேரும் ஆண்டும் எழுதியிருக்கும், வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டா யார் பேரில், கம்பி தெரிகிறதா, எந்த அறை ஒழுகுகிறது என்று எழுதி, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போய்விட்டது. தட்டிக் கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாத நேரம் இது. அதனால் ஜனவரி 26 கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளுக்குப் பெண்கள் சேர்ந்து போகட்டும், மனு எண் போட்ட ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எங்கள் ஊராட்சியில் 2001-க்கு முன் கட்டிய வீடுகள் எத்தனை, பழுதுபார்ப்புப் பட்டியலில் சேர்ந்தவை எத்தனை, விட்டுப்போனவை எந்தக் காரணத்தால்? முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதிலையும் நோட்டில் ஒட்டி வையுங்கள்.