ஒரு சட்டத்துக்குக் கிடைத்த இனாம் பெருமை

"அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்று முழங்கிய திமுக, டில்லி ஒரு சட்டம் போட்டதும் இரண்டையும் மறந்துவிட்டுக் கோட்டைக்குப் போய்விட்டது: தமிழ்நாட்டு அரசியல் பேசும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்தக் கதையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தேசியம் பேசுகிறவர் சொன்னால் அதில் பெருமிதம் இருக்கும்: சட்டத்தைக் காட்டினோம், அடங்கினார்கள். தமிழ்த் தேசியம் பேசுகிறவர் சொன்னால் வசை இருக்கும்: சட்டத்துக்குப் பயந்து கொள்கையை விற்றார்கள். எதிலுமே ஒத்துப்போகாத இந்த இரு தரப்பும் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தத்துக்கு மாலை போடுவதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கின்றன. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் பழைய தேர்தல் கதைகளைக் கொஞ்சம் கேட்டிருப்பவர் அந்த மாலையில் கைவைக்கத் தயங்குவார்.

தேதிகள் இந்தக் கதைக்குச் சாதகமாக இருப்பது உண்மைதான். 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் அண்ணா தன் கன்னிப் பேச்சில் திராவிட நாட்டைக் கேட்டார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு வந்தது; கழகம் பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்திவைத்தது. 1963 ஜனவரியில் திருத்த மசோதா வந்தது, அக்டோபர் 5இல் அது சட்டமானது. நவம்பர் முதல் வாரத்தில் திமுக தன் சட்டதிட்டத்தைத் திருத்தி, இந்திய ஒன்றியத்துக்குள்ளேயே நான்கு திராவிட மாநிலங்களின் நெருக்கம் என்று குறிக்கோளை மாற்றிக்கொண்டது. சட்டம் வந்தது, கோரிக்கை போனது. கணக்கு நேராகத்தான் தெரிகிறது.

அந்தச் சட்டம் யாரைப் பிடித்தது என்று பார்த்தால் கணக்கு உதைக்கும். அது தொட்ட முக்கியமான இடங்கள் 19, 84, 173 ஆகிய பிரிவுகளும் மூன்றாம் அட்டவணையும். முதலாவது, நாட்டின் ஒருமைப்பாட்டுக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற அனுமதி தந்தது. மற்றவை, தேர்தலில் நிற்கிறவர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றன. அதாவது கத்தியின் கூர் வேட்பாளரின் பக்கம் இருந்தது. தேர்தலில் நிற்காதவரை அது என்ன செய்தது? 1960இல் தமிழ்நாடு நீங்கலான இந்தியப் படத்தைக் கொளுத்தச் சொன்ன பெரியார், 1963க்குப் பிறகும் தமிழ்நாடு தமிழருக்கே என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். 1973 டிசம்பரில் தியாகராய நகரில் பேசிய கடைசிக் கூட்டத்திலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. சட்டம் அவர் வாயை அடைக்கவில்லை. அடைக்காத வாயிலிருந்து வந்த கோரிக்கையும் இயக்கமாக எழவில்லை. பிரிவினையைச் சாகடித்தது சட்டம்தான் என்றால், சட்டம் எட்டாத இடத்தில் அது ஏன் பிழைத்துத் தழைக்கவில்லை?

திமுகவைச் சட்டம் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தக் கட்சி அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே தன் கையை நீட்டியிருந்ததுதான். 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்கலாமா என்று தொண்டர்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் பெட்டியில் சீட்டுப் போட்டார்கள். நிற்கலாம் என்ற தரப்பு மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்றது. வாக்குப்பெட்டிக்குள் போன கட்சி அதன் விதிகளுக்கும் உட்பட வேண்டியிருந்தது. 1963இல் கேள்வி திராவிட நாடா சிறையா என்பதாக இல்லை. திராவிட நாடா சட்டமன்றமா என்பதாக இருந்தது. பதில் திருச்சியிலேயே எழுதியாயிற்று.

தென்னார்க்காடு இந்தப் பாடத்தை அதற்கும் முன்பே படித்த மாவட்டம். அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய, பெரிய மாவட்டம் அது. 1952 பொதுத்தேர்தலில் திமுக நிற்கவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஆதரிப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வேட்பாளர்களுக்கு ஆதரவு என்று அறிவித்தது. வன்னியர்களிடையே எழுந்த இரண்டு கட்சிகள் அந்த ஆதரவைப் பெற்றன. ஒன்று, எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. தென்னார்க்காடும் சேலமும் அதன் கோட்டை. இன்னொன்று, வடார்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. உழைப்பாளர் கட்சி சட்டமன்றத்தில் 19 இடங்களைப் பிடித்தது, காமன்வீல் 6. கடலூர் நாடாளுமன்றத் தொகுதி அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் உழைப்பாளர் கட்சியின் கோவிந்தசாமி கச்சிராயருக்கு, மற்றோர் இடம் காங்கிரஸின் இளையபெருமாளுக்கு.

375 பேர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 152 தான். எதிர்க்கட்சிகள் பிரகாசத்தின் தலைமையில் ஒன்று சேர்ந்து ஆட்சி அமைக்கத் துடித்தன. ஆனால் ராஜாஜி முதல்வராக வந்தார், மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 1954இல் காமராஜர் வந்தார், படையாட்சியாரும் அமைச்சரானார். கொஞ்ச காலத்தில் இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. திராவிட நாட்டுக்காகப் போட்ட கையெழுத்துகள் எந்தப் பீரோவில் தூங்கினவோ தெரியாது. அதைக் கிழிக்கப் பதினாறாவது திருத்தம் தேவைப்படவில்லை, போலீஸ் தேவைப்படவில்லை. இரண்டு மந்திரி நாற்காலிகள் போதுமாயிருந்தன.

இதைத் துரோகம் என்று கழகத்தார் அன்று பொருமியதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஓட்டுப் போட்டவர் பக்கம் நின்று பாருங்கள். முந்திரிக்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் உழைத்த அந்தச் சாதி மக்கள் கேட்டது படிப்பும் உத்தியோகமும், ஆட்சியில் தங்கள் ஆள் ஒருவரும். திராவிட நாட்டுக்கு எல்லை எது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டது மந்திரி சபையில் கிடைத்தபோது, கேட்காதது உதிர்ந்தது. படையாட்சியாருடன் காங்கிரசுக்குப் போகாமல் நின்ற ஏ. கோவிந்தசாமி பிறகு திமுகவில் சேர்ந்தார். 1967இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்றார். உதயசூரியன் சின்னமே அவரிடமிருந்துதான் கழகத்துக்கு வந்தது என்று விழுப்புரம் பக்கத்தில் இன்றும் மார்தட்டுவார்கள். பிரிவினைக்காகப் போட்ட கையெழுத்து மறைந்த மாவட்டத்திலிருந்து ஆட்சியைப் பிடித்த சின்னம் வந்தது என்றால், கழகம் எந்தத் திசையில் நடந்தது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். திராவிட நாடு என்பது ஓர் ஒன்றியத்தை விட்டு விலகுவது மட்டுமில்லை. நான்கு மொழிக்காரர்களைச் சேர்த்து இன்னோர் ஒன்றியத்தைக் கட்டுவதும்கூட. அதற்குத் தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் வர வேண்டும். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்து செத்தது சென்னை மாகாணத்திலிருந்து பிரிவதற்கு. டில்லியிலிருந்து பிரிவதற்கு இல்லை. 1953இல் ஆந்திரம் போனது. 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. அத்தோடு பெரியாரே திராவிட நாட்டை விட்டுத் தமிழ்நாட்டுக்கு இறங்கிவிட்டார். ஈ. வெ. கி. சம்பத் 1961இல் திமுகவிலிருந்து வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கியபோது, நடக்காத காரியத்தை நடக்கும் என்று சொல்லி எத்தனை நாள் ஓட்டுவது என்றுதான் கேட்டார். மறு ஆண்டு அண்ணாவின் கட்சி 50 இடங்களோடு எதிர்க்கட்சி வரிசையைப் பிடித்தது. அந்தத் தேர்தலில் அவருக்குக் கைகொடுத்தவர் ராஜாஜி. ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குத் திராவிட நாட்டில் துளி நம்பிக்கையும் கிடையாது. கூட்டணி பேசும்போதே பிரிவினையை வாசலில் கழற்றி வைத்தாயிற்று.

பதினாறாவது திருத்தத்தைப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். சிதம்பரம்காரர்களுக்கு அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மலையாளிகளுக்கு, 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடு என்று அறிவித்த திவான். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் வெட்டுப்பட்டார். மகாராஜா சில நாளில் இந்தியாவோடு இணைந்தார். விலகலைப் பற்றி ஒன்றியத்துக்கு ஆலோசனை சொல்ல இதைவிட அனுபவசாலி கிடைத்திருக்க மாட்டார்.

விலகலைத் தீர்மானிப்பது சட்டம் இல்லை என்பதற்குப் பிரிட்டனைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறச் சட்டத்திலேயே வழி இருந்தது, லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவு. ஆனால் பிரதமர் கேமரூன் 2013இல் பொதுவாக்கெடுப்பு நடத்துவேன் என்றது தன் கட்சிக்குள் இருந்த கலகத்தையும், வெளியே வளர்ந்த, ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்ன யுகிப் கட்சியையும் சமாளிக்க. 2015 தேர்தலில் யுகிப் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெற்றும் ஒரே ஓர் இடம்தான் வென்றது. நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்காத கோபம் ஆளுங்கட்சியை உள்ளிருந்து வளைத்தது. 2016 ஜூனில் 51.9 விழுக்காடு வெளியேறச் சொன்னது. இங்கே நடந்தது தலைகீழ். விலகல் பேசிய கட்சிக்குத் தேர்தல் இடம் கொடுத்தது. இடம் கிடைக்கக் கிடைக்க விலகல் கரைந்தது. ஸ்காட்லாந்தில் ஆட்சியைப் பிடித்த கட்சி பிரிவினையை விடவில்லையே என்று கேட்கலாம். அவர்கள் கேட்டது ஏற்கெனவே இருந்த ஒரு நாட்டை. மூன்று அண்டை மாநிலங்கள் வேண்டாமென்ற நாட்டை இல்லை.

சட்டம் உணர்வை அடக்கியது என்பவர்கள் 1965 ஜனவரிக்கு என்ன சொல்வார்கள்? திருத்தம் வந்து பதினாறு மாதம்கூட ஆகவில்லை. இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். அந்தக் கோபம் 1962இல் இருந்ததைவிடப் பெரிது. ஆனாலும் அதில் தனிநாடு கேட்ட குரல் எடுபடவில்லை. சட்டத்துக்குப் பயந்தவர்களாக இருந்தால் துப்பாக்கிக்கு முன்னால் போயிருக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டில் அந்தக் கோபம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று 1967 தேர்தல் காட்டியது.

2022 ஜூலையில் நாமக்கல் கூட்டத்தில் திமுகவின் ஆ. ராசா, தனிநாடு கேட்க எங்களைத் தள்ளாதீர்கள் என்றபோது டில்லி ஊடகங்கள் பழைய பூதம் எழுந்துவிட்டது என்று அலறின. மாநிலத்துக்குக் கூடுதல் அதிகாரம் கேட்கிறவரின் பேரப் பேச்சு அது. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று கோரிக்கையைக் கைவிட்டபோதே அண்ணா சொல்லிவிட்டார். அந்தக் காரணங்களுக்கு வேறு வழி தேடுவதுதான் அதற்குப் பிறகான தமிழ்நாட்டு அரசியல். நெய்வேலி அதற்கு ஓர் உதாரணம். வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று கழகம் முழங்கிய காலத்தில்தான் கடலூருக்குப் பக்கத்தில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்தது. 2013இல் ஒன்றிய அரசு அதன் பங்குகளில் ஒரு பகுதியை விற்கக் கிளம்பியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெயலலிதா அரசு, தனியாரிடம் போக விடாமல், தமிழக அரசு நிறுவனங்களை வைத்தே அந்தப் பங்குகளை வாங்கிப் போட்டது.