வாடகை பேசும்போது தார்ப்பாயையும் பேசுங்கள்



ஐப்பசி அடைமழைக்கு அதிக நாள் இல்லை. மழைக்கு முன்னால் வீட்டில் என்னென்ன செய்வோம்? உடைந்த ஓடுகளை மாற்றுவோம். தகரத்தில் ஒழுகல் இருந்தால் அடைப்போம். விறகை உள்ளே அடுக்குவோம். சரி, மாதக்கணக்கில் குனிந்து நிமிர்ந்து விளைவித்த பூண்டையும் கேரட்டையும் சந்தைக்கு இறக்கப்போகிற பிக்கப் வண்டியின் தார்ப்பாயை நம்மில் எத்தனை பேர் விரித்துப் பார்க்கிறோம்?

அது வண்டிக்காரர் பாடு என்று விட்டுவிடுகிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தார்ப்பாய் வாங்குவது வண்டிக்காரர். அது ஒழுகினால் நஷ்டப்படுவது மூட்டைக்குச் சொந்தக்காரர். நனைந்த சரக்கைப் பார்த்து வியாபாரி விலையைக் குறைக்கும்போது வண்டி வாடகை குறைகிறதா என்ன? வாங்குகிறவர் ஒருவர், இழக்கிறவர் வேறொருவர். நம் கொடைக்கானல் மலையில் இத்தனை கிழிந்த தார்ப்பாய்கள் ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வண்டிக்காரரையும் குறை சொல்ல முடியாது. மாதத் தவணை, டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் போக மிச்சமிருக்கும் காசில்தான் அவர் தார்ப்பாய்க் கடைக்குப் போகிறார்.

நம் மலையில் தார்ப்பாய்க்கு வேலை அதிகம். பூம்பாறையில் பூண்டு ஏற்றிய வண்டி கொடைக்கானல், பெருமாள்மலை, ஊத்து வழியாகக் காட்ரோட்டில் இறங்கி, வடுகபட்டி சந்தைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தில் பனிமூட்டம், தூறல், கொட்டும் மழை, அடிவாரத்தில் சுள்ளென்ற வெயில் எல்லாவற்றையும் அது பார்த்துவிடும். மேலே சுவெட்டர் போட்டு ஏறிய டிரைவர் கீழே சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். குளிர்ந்து கிடக்கும் மூட்டைமேல் சமவெளியின் ஈரமான வெப்பக்காற்று பட்டதும் அது வியர்க்கும். சுற்றிலும் பிளாஸ்டிக்கால் இறுகக் கட்டியிருந்தால் அந்த வியர்வைக்குப் போக இடம் இல்லை. மழையில் ஒரு சொட்டுகூட நனையாத மூட்டை உள்ளுக்குள்ளேயே ஈரமாவது இப்படித்தான்.

பறித்த காய்க்கும் உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது, சூடும் ஈரமும் வெளியேற்றுகிறது. பட்டாணியும் பீன்ஸும் வேகமாகச் சூடாகும். கேரட், உருளைக்கிழங்கு கொஞ்சம் பொறுக்கும். கழுவிய கேரட்டுக்கு நிழலும் குளிர்ச்சியும் வேண்டும். பூண்டுக்கோ ஈரமே ஆகாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதன் பெரிய சிறப்பு நீண்ட நாள் கெடாமல் இருப்பது. நன்றாகக் காயவைத்து, பரணில் தொங்கவிட்டுக் காத்த பூண்டை ஒரே ஒரு பயணத்தில் ஈரமாக்கினால் அந்தப் பெருமையால் என்ன பயன்?

கீழ்மலைக்கு வந்தால் கணக்கு வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி, மிளகு, பட்டர் ஃப்ரூட், மலை வாழை. காபிக்கொட்டையைக் களத்தில் உலர்த்தி, ஈரம் சுமார் 11 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் மூட்டை கட்டுகிறோம். அது ஈரத்தை மட்டும் இழுப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். நேற்று உரமோ டீசல் கேனோ மூடிய தார்ப்பாயை இன்று காபி மூட்டைமேல் போடாதீர்கள்.

சரி, எந்தத் தார்ப்பாய்?

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது நீல நிறத்திலோ மஞ்சள் நிறத்திலோ வரும் லேசான ஹெச்டிபிஇ ஷீட். விலை குறைவு, மடித்தால் சீட்டுக்குப் பின்னால் அடங்கும். தவறில்லை. ஆனால் வெயில்தான் அதற்கு எமன். உயரம் கூடக்கூட வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் கூடும், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிரடிப்பதால் நமக்கு உறைப்பதில்லை, தார்ப்பாய்க்கு உறைக்கிறது. மதுரையில் ஓடும் வண்டியைவிட இங்கே அது சீக்கிரம் நைந்து நார் நாராக உதிரும். உதிர்ந்த துண்டு சோலையிலும் ஓடையிலும் போய் விழுகிறது. காட்டுமாடுகள் நம் தெருவிலேயே மேயும் ஊரில் அது யார் வயிற்றுக்குள் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் லேசான ஷீட்தான் வாங்க முடியும் என்றாலும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையா என்று கேளுங்கள். ஐஎஸ் 7903 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் '200 ஜிஎஸ்எம்' என்பார். ஒரு சதுர மீட்டர் ஷீட் 200 கிராம் எடை இருக்கும் என்று பொருள். அதை நம்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை, தராசில் வைத்துப் பார்க்கலாம். 12-க்கு 15 அடி ஷீட் என்பது சுமார் 16.7 சதுர மீட்டர். உண்மையிலேயே 200 ஜிஎஸ்எம் என்றால் சுமார் மூன்றேகால் கிலோ நிற்கும். இரண்டு கிலோதான் காட்டுகிறது என்றால் வேறு கடை பாருங்கள்.

பழைய காடாத்துணித் தார்ப்பாயை இன்னும் விடாத டிரைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெழுகு ஏற்றிய பருத்தித் துணி மழையைத் தடுக்கும், காற்றைக் கொஞ்சம் விடும், உள்ளே வியர்ப்பது குறைவு. ஆனால் நனைந்தால் ஒருவரால் தூக்க முடியாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து மக்கிவிடும். மேல்மலை மழைக்காலத்தில் அதை எங்கே காயப்போடுவது? வீட்டுப் பெண்கள்தான் அடுப்புப் பக்கம் விரித்துத் திருப்பித் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், மாதம் முழுவதும் ஓடும் வண்டிக்கு பிவிசி பூசிய கனமான துணியே மேல். 500 ஜிஎஸ்எம்முக்கு மேல் இருக்கட்டும். தைத்த ஊசி ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும், அதனால் மூட்டுகளைச் சூட்டில் ஒட்டியதாக எடுங்கள். விலை அதிகம்தான். நல்லபடியாக வைத்துக்கொண்டால் பல மழைக்காலம் தாங்கும். அது துளிக்காற்றும் விடாது என்பதால் அதோடு ஒரு வேலை சேர்த்துச் செய்ய வேண்டும்: வண்டியின் பெட்டிமேல் மூன்று இரும்புப் பைப்பை வில்லாக வளைத்து நிறுத்தி, அதன்மேல் தார்ப்பாயைப் போடுங்கள். நம் தாத்தா காலத்துக் கூண்டு வண்டிபோல. சரக்குக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே காற்று ஓடும், மேலே தண்ணீர் குளம் கட்டாமல் வழிந்துவிடும். மழை இல்லாவிட்டால் காட்ரோட்டில் டீ குடிக்க நிறுத்தும்போது பின்பக்க மடிப்பைத் தூக்கிக் கட்டிவிடலாம்.

முழுக்க மூடிய கன்டெய்னர் பாடி கட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மளிகை, மருந்து, பேக்கரிச் சரக்குக்கு நல்லது. பச்சைக் காய்க்கு அது அடுப்பு. பாடியின் எடை உங்கள் சுமையில் கழியும். ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றம் பதிய வேண்டும் என்பதால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டே வெல்டிங் கடைக்குப் போங்கள். இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ் வைத்திருக்கும் எஸ்டேட்காரர்கள் போடும் தட்டையான மடக்கு மூடி பெட்டியின் விளிம்போடு நின்றுவிடும். கருவிகளுக்கும் பைகளுக்கும் போதும், ஆளுயரம் அடுக்கிய முட்டைக்கோஸுக்கு உதவாது.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குட்டி யானை வண்டியின் பெட்டி சுமார் 7 அடிக்கு 5 அடி. அதற்கு 9-க்கு 12 போதும் என்று தோன்றும். பெட்டியின் தரையிலிருந்து 3 அடி உயரம் சரக்கு அடுக்கினால் இரண்டு பக்கமும் 3 அடி இறங்க வேண்டுமே? அகலத்துக்கு 11, நீளத்துக்கு 13. ஆக 12-க்கு 15 வேண்டும். பெட்டி 9 அடி நீளமுள்ள பிக்கப்பில் 4 அடி உயரம் அடுக்குகிறவர்களுக்கு 15-க்கு 18. ஓரம் மடித்துத் தைத்ததில் சில அங்குலம் குறைந்திருக்கும், டேப் வைத்து அளந்து வாங்குங்கள். காய்கறிக்கு என்றால் வெளிப்பக்கம் வெள்ளை அல்லது வெள்ளி நிறம் நல்லது, சூடு இழுக்காது.

வாங்கியதும் கட்டுவதில் இருக்கிறது மீதி. முன்பக்கத்து மடிப்பு மேலாக வரவேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போது காற்று புகுந்து படகுப் பாய்போல உப்பிக் கிழியும். தார்ப்பாய் மழைக்குத்தான், சரக்கைப் பிடித்து நிறுத்த அல்ல. கொண்டை ஊசி வளைவில் மூட்டை சாயாமல் இருக்க கயிறோ வலையோ தனியாக வேண்டும். தொங்கும் முனை பின்விளக்கையும் இண்டிகேட்டரையும் மறைக்காமல் பாருங்கள். டம் டம் பாறைப் பக்கம் பனிமூட்டத்தில் பின்னால் வருகிறவருக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம் ஒன்றே வழி. கேஸ் சிலிண்டர் ஏற்றினால் இறுக மூடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மழை என்று வேலைக்குப் போகும் பெண்களைப் பெட்டியில் உட்காரவைத்து மேலே தார்ப்பாயை இழுத்துவிடுகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே சட்டப்படி தவறு. மூடிவிட்டால் உள்ளே எத்தனை பேர் என்று எதிரே வருகிறவருக்கும் தெரியாது, புகை உள்ளே சுற்றுவது டிரைவருக்கும் தெரியாது. தயவுசெய்து வேண்டாம்.

கடைசியாக, காசு யார் கொடுப்பது? ஒரே தெருவில் நாலைந்து குடும்பங்கள் ஒரே வண்டியில்தான் சரக்கு போடுகிறோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒரு கனமான தார்ப்பாய் வந்துவிடும். அதை ஊர்ச் சொத்தாக வைத்து, ஏற்றுகிற அன்று எடுத்துக் கொடுக்கலாம். முடியாதென்றால், நல்ல தார்ப்பாய் வைத்திருக்கும் வண்டிக்கு வாடகை கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அடுத்த வண்டிக்காரரும் தானாக வாங்குவார்.

இந்த வாரமே உங்கள் வண்டிக்காரர் அண்ணனிடம் தார்ப்பாயை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்